மறு: பேக்கன்ட்ரி பெர்மிட் – ‘தாவளச் சீட்டு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நெடுநடைப் பயணத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், பேக்கன்ட்ரி பெர்மிட்டுக்கு (பூங்காவின் உட்பகுதியில் இரவு தங்க வாங்கும் அனுமதிக்கு) வந்த சொற்களை எல்லாம் வாசித்தேன். ஐயா தந்த ‘பின்நாட்டு அனுமதி’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் காதில் விழுந்ததும் எனக்கு விசாதான் நினைவுக்கு வந்தது. அக்கா தந்த ‘வனநுழைவு உரிமம்’ அழகாக இருக்கிறது, பொருள்தான் இடறுகிறது. அதே இடத்தில் நானும் ஒருமுறை இடறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாலு பேர் எங்கள் குமரி மாவட்டத்துக் காளிகேசத்துக்கு மேலே போய் ஓர் இரவு தங்கிவர ஆசைப்பட்டோம். சரணாலயமாக அறிவித்த காடு, எழுத்து இல்லாமல் உள்ளே போக முடியாது. ‘காட்டுக்குள் சென்றுவர அனுமதி வேண்டி’ என்று விண்ணப்பம் எழுதியது நான்தான். கேட்டது கிடைத்தது. சாவடியில் காவலர் தாளை இரண்டு தடவை வாசித்தார். எங்கள் அரிசிப் பையையும் சருவத்தையும் பார்த்தார். “போயிட்டு வாங்க. ஆனா அஞ்சு மணிக்குள்ள எறங்கிரணும். தங்கதுக்கு இதுல ஒண்ணும் எழுதல்லியே” என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ‘தங்க’ என்ற ஒரு சொல்லை நான் விட்டிருந்தேன். அரிசியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

நம் காட்டில் உள்ளே போவதற்கே அனுமதி வேண்டும். அமெரிக்க தேசியப் பூங்காக்கள் பலவற்றில் ஏற்பாடு வேறு. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில், பகலில் நடந்துவிட்டுத் திரும்புகிறவரிடம் இந்தப் பெர்மிட்டைக் கேட்பதில்லை. உள்ளே ஓர் இரவு படுத்தால்தான் அது வேண்டும். 2023 முதல் தலைக்கு ஓர் இரவுக்கு 8 டாலர், கூடிப்போனால் 40 டாலர். எந்த இரவு எந்த இடம் என்று முன்பே பதிந்து, அந்தத் தாளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். என் தம்பி மகன் அங்கே நடக்கப்போவதாகச் சொன்ன அன்று அம்மா கேட்டாள்: “ராத்திரி காட்டுல கெடக்கதுக்கா மக்களே சக்கரம் (காசு) குடுக்கான்?” பூங்காவின் விதிமுறைப் பக்கத்தை முழுக்க வாசித்த எனக்கு அதைவிடச் சுருக்கமாக ஒரு வரையறை சொல்ல வராது.

ஆகவே சொல்லில் ‘தங்கல்’ இருந்தே ஆகவேண்டும். நான் முன்வைப்பது ‘தாவளச் சீட்டு’. தாவளம் என்றால் தங்குமிடம், தமிழகராதியிலேயே இருக்கிறது. மலையாளச் சொல் என்று யாராவது சொல்லக்கூடும். அவர்கள் விமான நிலையத்தை விமானத்தாவளம் என்று இன்றும் புழங்குகிறார்கள், நாம் அகராதியில் விட்டுவிட்டோம், அவ்வளவுதான் வேறுபாடு. எல்லையோரத்தில் வாழ்கிற எங்களுக்கு அதை எடுத்துக்கொள்வதில் கூச்சமே இல்லை. உரிமம் என்பதை ஓட்டுநர் உரிமம்போல நீண்ட நாள் கையில் இருப்பதற்கு விட்டுவிடலாம். இது குறித்த நாட்களோடு முடிந்துபோவது, சீட்டு என்பதே பொருத்தம்.

பேக்கன்ட்ரி என்று தனியே வரும்போது ‘உட்காடு’ எனலாம். பேச்சில் ‘உள்காடு’தான், எழுத்தில் புணர்ச்சிப்படி உட்காடு. கிராண்ட் கேன்யனில் மரம் அருகிய பாறைப் பள்ளத்தையும் காடு என்பீர்களா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சுடுகாட்டில் மரமா தேடுகிறோம்? கரிசல்காடு, சோளக்காடு என்றெல்லாம் சொல்லிப் பழகிய மொழிக்கு அது ஒரு தடையே இல்லை.

செக்‌ஷன் ஹைக்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நெடும்பாதை ஒன்றை ஒரே பயணமாக நடப்பது த்ரூ ஹைக், துண்டு துண்டாக நடப்பது செக்‌ஷன் ஹைக். ‘முழுநடை, பகுதிநடை’ என்று ஐயா பிரித்தார். அது பூங்காவின் கணக்கோடு ஒட்டவில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை 14 மாநிலங்கள் வழியாக 2,190 மைலுக்கு மேல் போகிறது. ஸ்மோக்கி பூங்காவுக்குள் மட்டும் ஏறத்தாழ 71 மைல். அந்த 71 மைலை மட்டும் ஒன்றுவிடாமல் நடந்தவரும் பூங்காவின் கணக்கில் செக்‌ஷன் ஹைக்கர்தான். எல்லைக்கு வெளியே 50 மைலுக்கு அப்பால் தொடங்கி, மறுபக்கமும் 50 மைல் தாண்டி முடிக்கிறவர்தான் த்ரூ ஹைக்கர். அவருக்குத் தனிச் சீட்டு, எந்த இரவு எங்கே என்று பதிய வேண்டாம். தங்கல் கொட்டகை நிறைந்துவிட்டால் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். மற்றவர் பதிந்த இடத்தில்தான் படுக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிற, திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிக்கிற சிவாலய ஓட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பொன்மனைக்கு எத்தனை மணிக்கு வருவீர், கல்குளத்தில் எவ்வளவு நேரம் இருப்பீர் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டையும் ஊடாக ஓடிப்போகிறவர் அவர். அதனால் த்ரூ ஹைக்குக்கு ‘ஊடுநடை’. செக்‌ஷன் ஹைக்குக்குத் ‘தவணைநடை’. இந்த ஆண்டு கொஞ்சம், லீவு கிடைத்தால் அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று பாதையை நடந்து தீர்க்கிறார்கள் அல்லவா? ‘இந்தத் தவண முடியல்ல, அடுத்த தவண பாப்போம்’ என்பது எங்களூரில் அன்றாடப் பேச்சு. ஒரே தவணையோடு நிறுத்திக்கொண்டவருக்கும் அது பொருந்தும். கடன் நினைவு வருகிறது என்றால் ‘கண்டநடை’ (கண்டம் என்றால் துண்டு) என்றும் யோசித்தேன். ‘கண்ட’ என்பதற்கு வேறு பொருள் ஒட்டிக்கொள்கிறது, வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பூங்காவின் தாவளங்களில் உணவுப் பையைக் கரடிக்கு எட்டாதபடி கம்பிவடத்தில் மாட்டி உயரே இழுத்துக் கட்டுகிறார்கள். அதற்கு ‘கரடித்தடுப்புத் தொங்குவடம்’ என்று பட்டியலில் யாரோ சேர்த்திருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அம்மா அடுக்களையில் பூனைக்கு எட்டாமல் பால்சட்டியை ஏற்றி வைக்கிறதும் அதே வேலைதான். உறி என்று போடுங்கள்.