அம்மாவின் கால் ரத்த ஓட்டம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 30 வருடம் பால்மரம் சீவிய அம்மாவுக்கு இப்போது கோயில் வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. இடது பெருவிரல் எப்போதும் ஜில்லென்று கிடக்கிறது. இனிப்புநீர் நோயும் உண்டு.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் கொடுத்து, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கிங்கோ என்ற மூலிகை மாத்திரை வாங்கி வந்தார். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்பதால் டப்பாவைத் திறக்கவில்லை. பாதம் மரத்திருப்பதால் சுடுதண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டேன். சூடு தெரியாமல் வெந்துவிடுமே!

இந்த மாதிரி நடக்கும்போது வரும் கால்வலிக்குக் கொடுக்கும் சிலோஸ்டசோல் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா? நடை தூரம் கூடியதா? தலைவலி, படபடப்பு வந்ததா? அப்புறம், ஈப்போவில் ரத்தக்குழாய் நிபுணரைப் பார்க்கக் கிளினிக்கில் கடிதம் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?