எம்எம்ஆர், பி53, போலீ மூன்றும் ஒரே ரிப்போர்ட்டில்: கட்டியை எந்த வகையில் சேர்ப்பது?

உட்படலம்:

வணக்கம். கருப்பை உட்படலப் புற்றுநோயை மூலக்கூறு அடிப்படையில் நான்காகப் பிரிப்பது படிக்கும்போது சுலபம். போலீ (டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் நொதியின் ஜீன்) மியூட்டேஷன் உள்ளவை, எம்எம்ஆர் (பிரதிப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) குறைபாடு உள்ளவை, பி53 (கட்டியைத் தடுக்கும் புரதம்) கெட்டவை, இவை எதுவும் இல்லாதவை. ஆனால் ரிப்போர்ட் இப்படி வந்தால் என்ன செய்வது?

கியூரட்டேஜ் (கருப்பையைச் சுரண்டி எடுத்த) மாதிரி. எண்டோமெட்ராய்டு, கிரேடு 3. ஐஎச்சியில் (ஆன்டிபாடி சாயச் சோதனை) எம்எம்ஆர் புரதங்களான எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லை. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இருக்கின்றன. பி53க்கு "அப்நார்மல்" என்று ஒற்றைச் சொல். போலீ சீக்வென்ஸிங்கில் எஸ்297எஃப் என்ற மாற்றம், அலீல் விகிதம் (ஜீன் பிரதிகளில் அந்த மாற்றம் உள்ள பங்கு) 4 சதவீதம். எம்ஆர்ஐயில் நோய் கருப்பைக்குள்தான் இருக்கிறது.

இது எந்த வகை? அந்த 4 சதவீதத்தை நம்பலாமா? கருப்பை எடுத்த பிறகு எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டுமா?

மைக்ரோடோம்:

முதலில் வரிசை. போலீ முதலில், எம்எம்ஆர் அடுத்து, பி53 கடைசியில். நோய் உண்டாக்கும் போலீ மியூட்டேஷன் உறுதியானால் மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் அது போலீ வகை. போலீ மியூட்டேஷன் இல்லை, எம்எம்ஆர் குறைபாடு இருக்கிறது, பி53ம் கெட்டிருக்கிறது என்றால் அது எம்எம்ஆர் வகைதான். போலீயோ எம்எம்ஆரோ பழுதான செல் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. பிழைகள் ஆயிரக்கணக்கில் குவியும்போது பி53ஐ உருவாக்கும் டிபி53 ஜீனும் வழியில் அடிபடுகிறது. அந்த அடி கட்டியைத் தொடங்கி வைத்ததல்ல, பின்னால் வந்து சேர்ந்தது. அதனால்தான் இத்தகைய கட்டிகளில் பி53 கோளாறு பெரும்பாலும் ஒரு பகுதியில் மட்டும் திட்டாகத் தெரியும்.

அடுத்து அந்த "அப்நார்மல்". இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்க முடியாது. நோயியல் மருத்துவரிடம் எந்த வகை அப்நார்மல் என்று கேளுங்கள். 80 சதவீதத்துக்கு மேற்பட்ட உட்கருக்களில் ஒரே சீராக, அழுத்தமாகச் சாயம் பிடித்திருக்கிறதா? அறவே பிடிக்கவில்லையா? உட்கருவை விட்டுச் சைட்டோபிளாசத்தில் பிடித்திருக்கிறதா? மூன்றும் மியூட்டேஷனின் அடையாளங்கள். கிரேடு 3 கட்டியில் இயல்பான பி53ம் 70 சதவீத செல்களில் தெரியலாம். ஆனால் அங்கே சில செல் அடர்ந்தும் சில வெளிறியும் இருக்கும். இதை "அதிகம்" என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு.

அறவே இல்லை என்பதை எழுதும் முன் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோமா (தாங்கு திசு) செல்களையும் லிம்ஃபோசைட்டுகளையும் பாருங்கள். அவற்றில் லேசாகவாவது சாயம் இருக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் சோதனைதான் தோற்றிருக்கிறது. ஆன்டிபாடியை அளவுக்கு மீறி நீர்த்த லேப்களில் இது நடக்கும். எம்எம்ஆர் ஸ்லைடுகளுக்கும் இதே விதி.

பேஸ்_பேர்:

போலீ என்று நீட்டி எழுதியிருப்பது நல்லது. குறில் போட்டால் பொருளே மாறிவிடும். இந்த ரிப்போர்ட்டில் அந்தச் சந்தேகம்தான் எனக்கு.

எஸ்297எஃப் உண்மையான ஹாட்ஸ்பாட்தான் (மியூட்டேஷன் திரும்பத் திரும்ப வரும் இடம்). பி286ஆர், வி411எல், எஸ்297எஃப், ஏ456பி, எஸ்459எஃப் இந்த ஐந்தும்தான் அடிக்கடி வருபவை. 2020இல் வெளியான வகைப்பாட்டில் நோய் உண்டாக்குபவை என்று ஏற்கப்பட்டவை மொத்தம் 11. போலீயின் எக்ஸோநியூக்ளியேஸ் (பிழை திருத்தும்) பகுதியில் வேறு எந்த மாற்றம் வந்தாலும் "பொருள் தெரியாதது" என்றுதான் வைக்க வேண்டும், போலீ வகையில் சேர்க்கக் கூடாது. எம்எம்ஆர் பழுதான கட்டியில் அப்படிப்பட்ட மாற்றங்கள் சும்மா ஒட்டிக்கொண்டு வருவது சகஜம்.

சிக்கல் வேறு இடத்தில். எஸ்297எஃப் என்பது சி.890 சி>டி மாற்றம். எஸ்459எஃபும் சி>டி தான். ஃபார்மலினில் கிடந்த டிஎன்ஏவில் சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்து யுராசில் ஆகிறது, பிசிஆர் அதை டி என்று படிக்கிறது. ஆக, பழைய பிளாக்கிலோ (மெழுகில் பதித்த திசு) டிஎன்ஏ மிகக் குறைவாக இருந்தாலோ 5 சதவீதத்துக்குக் கீழே சி>டி தென்பட்டால் முதல் சந்தேகம் ஃபார்மலின்மேல் விழ வேண்டும். பி286ஆர் (சி>ஜி), வி411எல் (ஜி>டி அல்லது ஜி>சி) இந்த வழியில் போலியாக வருவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டிஎன்ஏ எடுத்த பகுதியில் கட்டிச் செல்கள் 60 சதவீதம் என்றால், ஒரு அலீலில் மட்டும் உள்ள மியூட்டேஷன் ஏறத்தாழ 30 சதவீதம் காட்ட வேண்டும். 4 சதவீதம் என்றால் கட்டிச் செல்கள் 8 சதவீதம்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்லைடில் எவ்வளவு என்று பாருங்கள். போலீ கட்டிகளில் லிம்ஃபோசைட்டுகள் மொய்த்துக் கிடக்கும், விகிதம் நீர்த்துப்போவது உண்மைதான். ஆனால் 60லிருந்து 8க்கு இறங்க அது போதாது.

செய்ய வேண்டியது: வேறொரு பிளாக்கில் கட்டி அடர்ந்த பகுதியைக் குறித்து, அதை மட்டும் சுரண்டி எடுத்து, யுராசிலை நீக்கும் யுராசில்-டிஎன்ஏ கிளைகோசைலேஸ் நொதி போட்டு மறுபடி சீக்வென்ஸ் செய்யுங்கள். இரண்டு தனித்தனி பிரித்தெடுப்பிலும் அதே மாற்றம் வந்தால்தான் நம்பிக்கை. பெரிய பேனல் (பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை) வசதி இருந்தால் மியூட்டேஷன் சுமையைப் பாருங்கள். உண்மையான போலீ கட்டியில் மெகாபேஸுக்கு (பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துக்கு) 100க்கு மேல் இருக்கும், சி>ஏ மாற்றங்கள் 20 சதவீதத்தைத் தாண்டும், இன்டெல் (எழுத்துகள் நுழைவது அல்லது விடுபடுவது) 5 சதவீதத்துக்கும் குறைவு. எம்எம்ஆர் கட்டியில் நேர்மாறாக இன்டெல்கள் நிறைய.

என் கணிப்பு: இது எம்எம்ஆர் வகை.

உட்படலம்:

மிக்க நன்றி. அப்படியானால் சிகிச்சையில் உண்மையில் என்ன மாறும்? கருப்பை வந்த பிறகு மறுசோதனை பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏயுசி_ஐந்து:

நிறையவே மாறும். ரேடியேஷனோடு கீமோ சேர்ப்பதைச் சோதித்த போர்டெக்-3 ஆய்வின் கட்டிகளை மூலக்கூறு வாரியாகப் பிரித்து 2020இல் வெளியிட்டார்கள், 410 பேர். ஐந்தாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: பி53 கெட்டவர்களில் ரேடியேஷன் மட்டும் பெற்றால் 36 சதவீதம், கீமோவும் சேர்த்தால் 59. எம்எம்ஆர் வகையில் ரேடியேஷன் மட்டும் 76, கீமோ சேர்த்தால் 68. போலீயில் 97, 100. உட்பிரிவுகள் சிறியவை, எம்எம்ஆரில் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிற்காது. ஆனாலும் கீமோ அங்கே கூடுதலாக எதையும் தந்ததாகத் தெரியவில்லை.

இப்போது தவறுகளின் விலையைப் பாருங்கள். இதைப் பி53 வகை என்று எழுதினால், ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் 50 மி.கி./ச.மீ. இருமுறை, பிறகு கார்போபிளாட்டின் ஏயுசி 5 (சிறுநீரகத் திறனை வைத்துக் கணக்கிடும் அளவு), பாக்லிடாக்சல் 175 மி.கி./ச.மீ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு சுற்று. பலன் இல்லாமல் கால் மரத்துப்போவதுதான் மிச்சம். மறுபக்கம், 4 சதவீதத்தை நம்பிப் போலீ என்று எழுதினால், ஃபிகோ (மகளிர் நோய் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு) 2023 ஸ்டேஜிங்கில் நோய் ஐஏஎம்-போலீ என்ற தாழ்ந்த ஸ்டேஜ் ஆகிவிடும், ரேடியேஷனும் நின்றுவிடும். கிரேடு 3 எம்எம்ஆர் கட்டியைச் சிகிச்சையில்லாமல் விடுவது இரண்டிலும் பெரிய தவறு. ஆகவே போலீ என்று எழுதத்தான் ஆதாரம் கூடுதலாக வேண்டும்.

ஃபிகோவில் இன்னொன்று: பி53 வகை என்றாலே ஸ்டேஜ் ஏறிவிடாது. மயோமெட்ரியத்துக்குள் (கருப்பைத் தசை) ஊடுருவியிருந்தால்தான் ஐஐசிஎம் என்ற மேல் ஸ்டேஜ். பாலிப்புக்குள் மட்டும் இருந்தால் இல்லை. எம்எம்ஆர் நிலையைக் குறித்து வைக்க வேண்டும், ஆனால் அது ஸ்டேஜை மாற்றாது.

இம்யூனோதெரப்பி கேட்டுக் குடும்பத்தார் வருவார்கள். ரூபி ஆய்வில் (2023) எம்எம்ஆர் குறைபாடு உள்ளவர்களில் 24 மாதத்தில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் கீமோவோடு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரப்பி மருந்து சேர்த்தபோது 61.4 சதவீதம், கீமோ மட்டும் என்றால் 15.7. கண்ணைப் பறிக்கும் எண்கள். ஆனால் அவர்கள் முற்றிய அல்லது திரும்பி வந்த நோயாளிகள். கருப்பைக்குள் நிற்கும் நோய்க்கு அந்த எண்ணைத் தூக்கி வரக் கூடாது. அறுவைக்குப் பிந்தைய கட்டத்தில் பெம்ப்ரோலிசுமாப் தந்து பார்த்த கீநோட்-பி21 மொத்தத்தில் பலன் காட்டவில்லை. எம்எம்ஆர் பிரிவில் மட்டும் நம்பிக்கை தெரிந்தது. ரெயின்போ ஆய்வுத் திட்டத்தின் கிரீன் பிரிவு இதே வகைக்கு ரேடியேஷனோடு டுர்வலுமாப் தந்து பார்க்கிறது.

எம்எல்எச்1 இல்லாததை மறந்துவிடாதீர்கள். பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது, எம்எல்எச்1 போனால் அதுவும் போகும். அடுத்து எம்எல்எச்1 ஜீனின் புரோமோட்டர் மெத்திலேஷன் (ஜீனை அணைத்துவிடும் வேதிக் குறி) சோதனை. மெத்திலேஷன் இருந்தால் பெரும்பாலும் பரம்பரை இல்லை. இல்லாவிட்டால் லிஞ்ச் நோய்க்குறிக்கான (எம்எம்ஆர் ஜீன் பழுது பரம்பரையாக வருவது) ரத்தச் சோதனை கட்டாயம். பெருங்குடலில் செய்வதுபோல பிஆர்ஏஎஃப் ஜீன் மியூட்டேஷனைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை இங்கே செல்லாது.

மைக்ரோடோம்:

மறுசோதனை பற்றி: பயாப்ஸியில் தெளிவாக வந்ததைப் பொதுவாகத் திரும்பச் செய்யத் தேவையில்லை. சொல்லப்போனால் பயாப்ஸித் துணுக்குதான் நன்றாகப் பதப்படுகிறது. முழுக் கருப்பையை அப்படியே வாளியில் போட்டு இரவு முழுக்க வைத்தால் ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் உள்ளே போகும். உட்படலம் அதற்குள் அழுகத் தொடங்கிவிடும். அறுவை அரங்கிலிருந்து வந்ததும் இரு பக்கவாட்டிலும் பிளந்து, உட்படலம் வெளியே தெரியும்படி, திசுவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல்.

இந்த ரிப்போர்ட்டில் மறுபடி செய்ய வேண்டியவை போலீயும் பி53ம். பி53ஐக் கட்டியின் இரண்டு வெவ்வேறு பிளாக்கில் போடுங்கள்.

கிராஸிங்_மேசை:

குறுக்கே ஒரு கேள்வி. பயாப்ஸியில் பி53 இயல்பு, கருப்பையில் ஒரு மூலையில் மட்டும் கெட்டிருக்கிறது. எம்எம்ஆரும் போலீயும் சரியாக இருக்கின்றன. அப்போது?

மைக்ரோடோம்:

அந்தத் திட்டு கட்டியில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் "சப்குளோனல்" (கட்டியின் ஒரு கிளைப் பகுதியில் மட்டும் உள்ளது) என்று எழுதி, விகிதத்தையும் குறிப்பிடுங்கள். அந்தத் திட்டின் ஹெச்&இ ஸ்லைடையும் (வழக்கமான சாயம்) ஒருமுறை பாருங்கள், அங்கே சீரஸ் (வேறொரு தீவிர வகை) உருவம் ஒளிந்திருக்கலாம். அப்படி இருந்தால் அது கலப்புக் கட்டி. அந்தப் பகுதிக்கு ஹெர்2 புரதச் சாயமும் போட்டுவிடுங்கள்.