பனங்காட்டில் மஞ்சள் வரிபோட்ட குட்டி உடும்பு: இது தனி இனமா?

பனங்காட்டான்:
வணக்கம். நமக்கு சாயல்குடி பக்கம். கடலுக்கும் எங்க பனங்காட்டுக்கும் நடுவுல ஒரு மணல்மேடுதான். அடுக்கி வச்சிருந்த பனைமட்டையைப் பிரிக்கும்போது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம் இருக்கும், குட்டி உடும்பு ஒண்ணு வெளிய பாய்ஞ்சுச்சு. கருத்த உடம்பு, முதுகுல குறுக்க குறுக்க மஞ்சப்புள்ளி வரிசை, தொண்டைக்கு அடியில கறுப்புப் பட்டை. பெருசெல்லாம் மண்ணு நிறத்துலதான இருக்கும்? பக்கத்துக் காட்டுப் பெரியப்பா, "அது பொன்னுடும்புடா, அதுக்கு மேல வளராது, கடிச்சா ஆள் காலி"ன்னுட்டாரு. அப்பயிருந்து அம்மா கோழிக்குஞ்சையெல்லாம் அடுப்படியிலதான் அடைச்சு வச்சிருக்கு. நிசமாவே தனி இனமா அண்ணே?

உடைமரத்தான், மண்டபம்:
தம்பி, பெரியப்பாகிட்ட சண்டைக்குப் போகாதீங்க, எங்க அப்பாவும் சாகுறவரை அதையேதான் சொன்னாரு. நீங்க பாத்தது நம்ம வழக்கமான உடும்போட குஞ்சு. வங்காள உடும்புன்னு புஸ்தகத்துல போட்டிருப்பாங்க. பொரிச்ச புதுசுல இப்படித்தான் பளிச்சுன்னு வரிபோட்டுக் கிடக்கும். வளர வளர மஞ்சள் மங்கி, கடைசியில அந்த மண்ணு நிறம். நல்லா வளர்ந்தது வாலோட சேர்த்து அஞ்சடிக்கு மேலயும் போகும்.

பொந்துல, கரையான் புத்துல குழி தோண்டி முட்டையிட்டு மண்ணைப் போட்டு மூடிட்டுத் தாய் போயிரும். பொரிய அஞ்சரை மாசத்துலயிருந்து எட்டு மாசம் வரைக்கும் இழுக்கும். வெளிய வந்த குஞ்சுக்குத் துணைன்னு யாரும் கிடையாது. பருந்து, கீரி, நாய்னு எல்லாத்துக்கும் அது தீனி. அதான் மட்டைக்குள்ள, மொட்டைப்பனைப் பொந்துக்குள்ள ஒளிஞ்சு திரியுது. பல்லி மாதிரி வாலை விட்டுட்டுத் தப்பிக்கவும் முடியாது. உடும்புக்கு வால் போனா போனதுதான்.

உங்க கோழிக்குஞ்சைத் தூக்குற அளவு அதுக்கு வாயே கிடையாது. வெட்டுக்கிளி, வண்டு, பூச்சிதான் அதோட சாப்பாடு. மழை விட்ட ஒரு காலையில எங்க வீட்டுப் பின்னாடி உடைமரத்தடியில நடுத்தரமான ஒண்ணு மேய்ஞ்சதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நாக்கை நீட்டி நீட்டி மண்ணைத் தடவிக்கிட்டே வந்துச்சு. பாம்பு நாக்கு மாதிரியே பிளந்த நாக்கு. அந்த ரெண்டு நுனியும் வாசத்தை அள்ளிக்கிட்டுப் போய் மேலண்ணத்துல இருக்குற உறுப்புல சேர்க்கும், மோப்பம் அதுக்கு அங்கதான். காஞ்ச மாட்டுச்சாணிகிட்ட வந்ததும் நின்னுச்சு. முன்னங்கால் நகத்தால ஓரத்தைப் பேத்துப் புரட்டுச்சு. உள்ள இருந்த சாணிவண்டைக் கவ்வி, தலையைத் தூக்கி ரெண்டு உதறு, அம்புட்டுத்தான், முழுங்கிருச்சு. மெல்லுறதெல்லாம் கிடையாது. அங்கயிருந்து அடுத்த சாணிக்குப் போயிருச்சு. நான் காபி குடிக்க மறந்து நின்னது வீட்ல இன்னைக்கும் கேலி.

விஷத்துக்கு வருவோம். ஆளைக் கொல்லுற விஷமெல்லாம் இல்ல. பெருசு கடிச்சா கிழிக்கும், காயம் சீழ் வைக்கும். சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு ஆஸ்பத்திரியில டிடி ஊசி போட்டுக்கணும். ஆனா நாம கையை நீட்டாம அது எதுக்குக் கடிக்கப்போகுது?

தனியாவர்த்தனம்:
பரமக்குடியிலிருந்து. மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராங்குற சின்னத் தோல்வாத்தியத்துக்கு உடும்புத் தோல்தான் பேரு போனது. எங்க தாத்தா வச்சிருந்ததும் அதுதான். நான் ஆட்டுத்தோல்ல வாசிக்கிறேன். நாதத்துல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, இல்லைங்க மாட்டேன், ஆனா பழகிருச்சு. பனங்காட்டான் சார், ஒரு வேண்டுகோள்: தோட்டம் எங்க இருக்குன்னு இதுக்கு மேல இங்க எழுதாதீங்க. கறிக்கும் எண்ணெய்க்கும் அலையுற கூட்டம் இன்னும் இருக்கு.

உடைமரத்தான், மண்டபம்:
அவரு சொல்றது ரொம்பச் சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உடும்பு முதல் அட்டவணை, புலி இருக்குற அதே பட்டியல். பிடிச்சா மூணு வருஷத்துலயிருந்து ஏழு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும். மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய்னு விக்கிறவன்கிட்ட வாங்குறவனும் மாட்டுவான்.

பனங்காட்டான்:
நன்றி அண்ணே. அப்ப வளராத குட்டை உடும்புன்னு உலகத்துலயே கிடையாதா? வலை போட்டா கோழிக்குப் போதுமா?

உடைமரத்தான், மண்டபம்:
இருக்கு, நம்ம பக்கம் இல்ல. ஆஸ்திரேலியாவுல குட்டைவால் உடும்புன்னு ஒண்ணு, முழுசா வளர்ந்தாலே வாலோட இருபத்தஞ்சு சென்டிமீட்டர்தான் வரும். முள்ளு மாதிரி குத்துற ஸ்பினிஃபெக்ஸ் புல்லுப் புதருக்குள்ள வாழ்க்கை. இந்தோனேசியாவுல பத்தடி நீள கொமோடோ டிராகனும் இதே வரானஸ் பேரினம்தான். இந்தியாவுல நாலு வகை உண்டு. நம்ம கடற்கரையில வங்காள உடும்பு மட்டும்தான். அக்கரையில இலங்கையில கபரகொய்யான்னு சொல்ற நீர் உடும்பு கூடுதலா இருக்கு. மூக்கைப் பாத்தாலே பிரிச்சிரலாம்: நம்மளதுக்கு மூக்குத்துவாரம் சாய்ஞ்ச கீறல் மாதிரி, கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் நடுவுல. அதுக்கு வட்டமா, நுனிகிட்ட.

கோழிக்கு வலை போடுங்க, பெருசு முட்டையை விடாது. ஆனா தரையோட நிறுத்தாதீங்க, தோண்டிரும். ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கிக் கல்லு வைங்க. மேலயும் மூடணும், ஏறும். கண்ணி சின்னதா இருக்கட்டும், நைலான் வேண்டாம், கம்பி வலைதான். நைலான்ல உடும்புக்குஞ்சு தலையை மாட்டிக்கிட்டுச் செத்துரும்.