புதுப்பிப்பு: டார்வினிலிருந்து நிட்மிலுக், ஒரே நாளில்

வட ஆஸ்திரேலியாவில் இருக்கும் டார்வினிலிருந்து நிட்மிலுக் தேசியப் பூங்காவுக்கு, அதாவது காத்தரின் பள்ளத்தாக்குக்கு, ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்துவிட்டோம். தாராளமாக முடியும், ஆனால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். காத்தரின் ஊருக்கே 300 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து பூங்கா இன்னொரு 30.

படகில் போகச் சொன்னவர்களுக்குக் கோடி நன்றி. இது ஒரே பள்ளத்தாக்கு அல்ல, ஆற்றின் வழியே அடுத்தடுத்து வரும் பல பள்ளத்தாக்குகள். முதல் பள்ளத்தாக்கின் முடிவில் பாறைத்திட்டு குறுக்கே வருகிறது. அங்கே இறங்கி, பாறை மேல் நடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் வேறு படகு ஏற வேண்டும். அந்த நடையில்தான் பழங்குடியினரின் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள். இது ஜாவொய்ன் என்ற பழங்குடி மக்களின் மண். 1989-இல் அவர்களிடமே திருப்பித் தரப்பட்டது.

முதலை பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆற்று மணல்திட்டுகளில் நன்னீர் முதலைகள் முட்டையிடும், அதனால் அங்கே கால் வைக்கக் கூடாது. ஆபத்தான உவர்நீர் முதலைகள் மழைக்காலத்தில் உள்ளே வந்துவிடும். மழை ஓய்ந்து வறண்ட காலம் தொடங்கும்போது கூண்டு வைத்துப் பிடித்து அகற்றிய பிறகுதான் துடுப்புப் படகுகளை விடுகிறார்கள்.

அப்புறம், திரும்பும்போது இருட்டிவிட்டால் நிதானமாக ஓட்டுங்கள். அந்தி சாய்ந்ததும் வல்லபிகள் (சிறிய கங்காரு வகை) சாலைக்கு வந்துவிடுகின்றன. இதே பூங்காவில் இருக்கும் லெலின் (எடித்) அருவிக்கு எங்களுக்கு நேரமில்லை. அதையும் பார்க்க நினைத்தால் காத்தரினில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.