ஷியரர்: கணுக்கால் முறிந்த பிறகு கோல் எங்கிருந்து வந்தது?

வடக்குக்கோட்டை:
இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரர் 441 ஆட்டத்தில் 260 கோல். பிளாக்பர்னுக்கு 138 ஆட்டத்தில் 112, நியூகாசிலுக்கு 303 ஆட்டத்தில் 148. ஆட்டத்துக்கு 0.81 என்றிருந்தது 0.49 ஆக விழுந்திருக்கிறது. இதற்கு 1997 கணுக்கால் காயம்தான் காரணமா? அப்படியானால் 33 வயதில் ஒரே சீசனில் 22 கோல் எப்படி வந்தது? ஓட்டத்தில் வேகம் குறைவான ஒரு பையனை ஒன்பதாம் நம்பரில் (நடு ஸ்ட்ரைக்கராக) ஆட வைக்க வேண்டியிருக்கிறது. அவனுக்கு இவரிடமிருந்து எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

ஆஃப்சைடு_கோடு:
மொத்த சராசரியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், சீசன் சீசனாகப் பிரித்துப் பாருங்கள். நியூகாசிலில் முதல் சீசன் 1996-97: 31 ஆட்டம், 25 கோல். அதுவும் 0.81தான். ஆக, கிளப் மாறியதால் எந்தச் சரிவும் இல்லை.

1997 ஜூலையில் குடிசன் பார்க் மைதானத்தில், சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் எலும்பு முறிந்து கணுக்கால் லிகமெண்டுகளும் (எலும்புகளை இணைக்கும் நார்கள்) கிழிந்தன. திரும்பி வந்தது ஜனவரியில். அந்த சீசனில் 17 ஆட்டத்துக்கு 2 கோல், அடுத்ததில் 30 ஆட்டத்துக்கு 14. முழங்கால் படுத்திய 2000-01இல் 19 ஆட்டத்துக்கு 5. சராசரியைக் கீழே இழுத்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இப்போது உடம்பு ஒத்துழைத்த மூன்று சீசன்களை எடுங்கள்: 1999-2000இல் 23, 2001-02இல் 23, 2003-04இல் 22. மூன்றிலும் 37 ஆட்டம். 0.61 வருகிறது. 29இலிருந்து 33 வயது வரைக்கும் இது மிகப் பெரிய கணக்கு.

இன்னொன்று. 1992 டிசம்பரில் பிளாக்பர்னில் முழங்கால் லிகமெண்டான ஏசிஎல் கிழிந்ததே, அதிலிருந்து மீண்டு வந்து அடுத்தடுத்த சீசன்களில் 31, 34, 31 அடித்தார். அப்போது வயது 22, வேகம் திரும்பியது. 1997 காயத்துக்குப் பிறகு அது முழுதாகத் திரும்பவில்லை.

பழைய_பந்து:
மேலே சொன்னதோடு ஒரு மனிதரைச் சேர்க்க வேண்டும்: பாபி ராப்சன். காயத்துக்குப் பிறகு ஷியரர் கோலுக்கு முதுகு காட்டியே நின்று, பந்தைப் பிடித்துக் கொடுக்கும் ஆளாகிக்கொண்டிருந்தார். 1999 செப்டம்பரில் நியூகாசில் மேலாளராகப் பொறுப்பேற்ற ராப்சன் கண்டுபிடித்துத் திருத்தியது இதைத்தான்: உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நில், டிஃபெண்டருக்குப் பின்னால் ஓடு. அந்த மாதமே ஷெஃபீல்டு வெட்னஸ்டேவை 8-0 என்று வென்ற ஆட்டத்தில் ஷியரருக்கு ஐந்து கோல்.

கூட ஆடியவர்களையும் மறக்கக் கூடாது. 2001இல் கிரெய்க் பெல்லமி வந்ததும் பின்னால் ஓடும் வேலையைப் பெருமளவு அவர் ஏற்றுக்கொண்டார். வலப்பக்கம் சொலானோ, இடப்பக்கம் லோரான் ராபேர், இருவரும் அருமையாகக் கிராஸ் போடுவார்கள். உங்கள் பையனை மட்டும் தயார் செய்து பயனில்லை. பக்கத்தில் ஓட ஒருவன், ஓரத்திலிருந்து பந்து போட ஒருவன், இரண்டும் வேண்டும்.

வடக்குக்கோட்டை:
அருமை. ஆனால் 260இல் 56 பெனால்டி என்கிறார்களே? பயிற்சியில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆஃப்சைடு_கோடு:
கழித்தாலும் 204 நிற்கிறது. பெனால்டியைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை; அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான்.

பழைய_பந்து:
முதலில் தூர போஸ்ட், அதாவது பந்து வரும் ஓரத்துக்கு எதிர்ப்பக்கக் கோல் கம்பம். 1996 யூரோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, கேரி நெவில் கிராஸுக்கு அடித்த ஹெட்டரைப் பாருங்கள். ஓரத்தில் ஆடும் விங்கர் தலை நிமிரும் நேரத்தில் பையன் டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்தைப் பார்க்கிற டிஃபெண்டருக்கு ஆள் தெரியாது, ஆளைப் பார்த்தால் பந்து தெரியாது. பந்து விங்கரின் காலை விட்ட பிறகே ஓடட்டும். முன்கூட்டியே ஓடிவிடுவதுதான் பையன்கள் செய்யும் தப்பு. பந்துக்கு அடியில் போய் நின்றுவிட்டால் நின்ற இடத்தில் குதிக்க வேண்டிவரும், தலையில் விசை இருக்காது. ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும்.

அடுத்து, பந்தைப் பிடித்து நிற்பது. பந்து வருவதற்கு முன்பே இடுப்பு டிஃபெண்டரைத் தொட வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, டிஃபெண்டருக்கு எட்டாத காலால் பந்தை வாங்கட்டும். முழுப் பாரத்தையும் அவன்மேல் சாய்க்கக் கூடாது. அவன் சட்டென்று ஒரு அடி விலகினால் இவன் தரையில். முழங்கையை உயர்த்தினால் ஃபவுல் நம்மீது. ஷியரரே இதற்காகப் பலமுறை விசில் வாங்கியவர்.

ஆஃப்சைடு_கோடு:
பெனால்டிக்கு: பந்தை வைப்பதற்கு முன்பே பக்கத்தை முடிவு செய்துவிட வேண்டும், ஓடும்போது மாற்றக் கூடாது. பாதி வழியில் மாற்றினால் ஊன்றும் கால் தப்பான இடத்தில் விழும், பந்தில் வேகம் இருக்காது. ஷியரர் ஓட்டத்தை நடுவில் நிறுத்த மாட்டார். கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தாலும் கை எட்டாத வேகத்தில் அடிப்பார். அடிக்கும்போது நெஞ்சு பந்துக்கு மேலே இருக்கட்டும், பின்னால் சாய்ந்தால் பந்து பாருக்கு மேலே. 67 அடித்ததில் 11 தவறிப்போயிருக்கிறது, ஆகவே பையன் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததையும் அவனிடமே கொடுங்கள். 2006 ஏப்ரலில் சண்டர்லேண்டுக்கு எதிராக, நியூகாசிலுக்காக ஷியரர் அடித்த கடைசி கோல், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 206ஆவது, அதுவும் பெனால்டிதான். அதே ஆட்டத்தில்தான் முழங்கால் லிகமெண்ட் போய், மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களையும் ஆடாமலே ஓய்வுபெற்றார்.