இளங்கன்றுகளும் தழைச்சத்தும்: நம் தோட்டங்களில் கண்டவை

இளங்கன்றுகளுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) இடுவதில் தாங்கள் கண்டதை நம் உறுப்பினர்கள் மூவர் சொல்கிறார்கள்.

பாலிக் புலாவ் (பினாங்கு) உறுப்பினர்:

அடித்தண்டை ஒட்டி யூரியாவைக் குவித்துவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் மலைச்சரிவுத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தூறல் விழுந்த மறுநாள் காலையில் அப்படிப்பட்ட டுரியான் கன்றின் அருகே குனிந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போகும் நெடிதான் அது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருந்தாலும், மண்ணிலுள்ள நொதி அதை அம்மோனியமாகச் சிதைத்த பிறகோ, நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிய பிறகோதான் வேர்கள் பெரும்பாலும் அதை உறிஞ்சுகின்றன. இச்சிதைவு மேற்பரப்பிலேயே நடக்கும்போது குருணையைச் சுற்றியுள்ள மண் சற்று நேரம் காரத்தன்மை அடைவதால் சத்து ஆவியாகிறது. எனவே உரத்தை மண்ணால் மூடுவதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டை வைத்துக்கொள்ளாது. நைட்ரேட் நீரோடு சேர்ந்து வேரை வந்தடைவது எவ்வளவு எளிதோ, அடைமழையில் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுவதும் அவ்வளவு எளிது என்பதால், பினாங்கில் மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உரத்தைச் சிறு சிறு அளவாகப் பிரித்தே இடுகிறேன். நாற்று விற்பவர்கள் ‘ஒரு கைப்பிடி போதும்’ என்பார்கள். யாருடைய கை என்று மட்டும் சொல்வதில்லை. இடும் இடமும் முக்கியம். கிளை விரிவின் விளிம்புக்கு நேர்கீழே சருகை விலக்கிப் பார்த்தால், வெண்ணிற நுனியோடு புது வேர்கள் நூல் நூலாகத் தெரியும். உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் அவைதாம் செய்கின்றன. தண்டருகே உள்ள தடித்த பழுப்பு வேர்களுக்கு ஊட்டிப் பெரிய பயனில்லை.

கோலாலம்பூர் உறுப்பினர்:

செராஸில் எங்கள் வீட்டுப் பின்புறம் எலுமிச்சைக் கன்று நட்டபோது, தோட்ட வேலைக்கு வந்தவர் புது மரத்தூளை மண்ணோடு கலந்து குழியை நிரப்பிவிட்டார். சில வாரங்களில் அடி இலைகள் வெளிறின. குருத்து மட்டும் பச்சையாகவே இருந்தது. தழைச்சத்து குறையும்போது கன்று முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துத் துளிருக்கு அனுப்பும் என்பதால் இந்த அடையாளம் நம்பத்தக்கது. மரத்தூளில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் வேருக்கு மிஞ்சுவதில்லை. அம்மாவோ தண்ணீர் போதவில்லை என்று வாளி வாளியாக ஊற்றினார். இருந்த நைட்ரேட்டும் அதோடு போயிருக்கும். மட்கிய கோழி எருவைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வந்த பிறகு துளிர் வலுத்தது. வெளிறிய இலைகள் மீளாமல் உதிர்ந்தன.

பட்டர்வொர்த் உறுப்பினர்:

மங்குஸ்தீன் கன்று வைத்திருப்போர் கவனிக்கவும். அதன் வேர்களில் வேர்த்தூவிகள் (நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்மயிர்கள்) இல்லை; ஆகையால் உரத்தை அள்ளிப் போட்டாலும் உறிஞ்சும் பரப்பு குறைவே. மேல்மண் காயாமல் மூடாக்கு (சருகு போன்றவற்றாலான போர்வை) போட்டு வைப்பதே எங்கள் கன்றுகளுக்கு அதிகம் உதவியிருக்கிறது.