நீர்வழி விறகுலை, காற்றுவழி விறகுலை: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டைச் சூடாக்கும் விறகு இயந்திரங்களுக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் இவை:

> அவுட்டோர் வுட் பாய்லர் = வெளிப்புற விறகுக் கொதிகலன்
> ஃபோர்ஸ்டு ஏர் வுட் ஃபர்னஸ் = ஊதுகாற்று விறகு உலை

படித்தவுடன் புரிகின்றன, சரி. ஆனால் இரண்டிலும் ஒரு பிழை இருக்கிறது. இரண்டில் எதை வாங்கலாம் என்று தமிழில் படித்து முடிவெடுக்கப்போகிறவரை அந்தப் பிழை தவறான பக்கம் தள்ளிவிடும். இரண்டோடும் குளிர்காலங்களைக் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கொதிகலன். இந்தக் கலனில் நீர் கொதிப்பதே இல்லை. வீட்டை விட்டுத் தள்ளி, சிறு தகரக் கொட்டகை போல நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே விறகு எரியும் அறை (ஆங்கிலத்தில் 'ஃபயர்பாக்ஸ்'; இதைத் 'தீப்பெட்டி' என்று எழுத முடியாது, 'எரியறை' என்கிறேன்). அதைச் சுற்றிலும் நீர். நீர் 80 பாகை செல்சியஸை ஒட்டி வந்ததும் காற்று வரும் கதவு தானாக மூடிக்கொள்ளும், தீ அடங்கும். சூடான நீரை ஒரு பம்பு மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குள் அனுப்பும். பெரும்பாலான மாதிரிகளில் கலனுக்குள் அழுத்தமும் கிடையாது, மேலே திறந்த துளை இருக்கும். தப்பித் தவறிக் கொதித்துவிட்டால் நீராவி அதன் வழியே போய்விடும், நீர்மட்டம் இறங்கும், நாம் போய் நீர் நிரப்ப வேண்டும். அதாவது கொதிப்பது இந்த இயந்திரத்தின் கோளாறு. கோளாற்றையே பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் வீட்டு விறகு இயந்திரங்களுக்குக் கொண்டுவந்த புகை விதிகளில் இதை 'ஹைட்ரானிக் ஹீட்டர்' என்றுதான் குறிப்பிடுகிறது. வெப்பத்தைச் சுமந்து செல்வது நீர் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அடுத்து ஊதுகாற்று. 'ஊதுலை' என்ற சொல் இரும்பு உருக்கும் உலைக்கு ஏற்கெனவே பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அங்கே காற்றைத் தீக்குள் ஊதுகிறார்கள். நம் இயந்திரத்தில் விசிறி தள்ளும் காற்று தீயைத் தொடவே கூடாது. எரியறையின் வெளிச்சுவரை உரசிச் சூடாகி, காற்றுக்குழாய்களில் ஏறி, அறைகளுக்குப் போகிறது. எரியறைச் சுவரில் விரிசல் விழுந்து இரண்டு காற்றும் கலந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் படுக்கையறைக்கே வந்துவிடும். 'ஊது' என்று படித்தவர், துருத்தி போலத் தீயை ஊதும் பொறி என்று நினைத்துக்கொண்டால் குற்றம் அவருடையதல்ல.

'உலை'யை மட்டும் விட்டுவிட வேண்டாம். கொல்லன் உலை என்றால் நெருப்பு. அடுப்பில் உலை வைத்தாயா என்று கேட்டால் பானையும் நீரும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்னும்போதும் பானைதான். இன்று அணு உலை வரை அந்தச் சொல் நீண்டிருக்கிறது. நீரும் நெருப்பும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் இரண்டு இயந்திரங்களுக்கும் 'விறகுலை' என்று பொதுப்பெயர் வைக்கலாம். பிரித்துச் சொல்ல, வெப்பத்தைச் சுமப்பது எது என்பதை முன்னால் சேர்ப்போம்: நீர்வழி விறகுலை, காற்றுவழி விறகுலை.

> நீர்வழி என்றால் படகு போகும் வழி என்று ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் 'தமிழ்வழிக் கல்வி' என்று சொல்லும்போது யாரும் சாலையை நினைப்பதில்லை. எதன் மூலமாக என்ற பொருளில் 'வழி' நம் நாவில் தினமும் புழங்குகிறது. 'உலை' பக்கத்தில் இருக்கும்போது படகு நினைவுக்கு வராது என்றே நம்புகிறேன்.

'வெளிப்புற' என்பதைத் தலைச்சொல்லில் வைக்காததற்கும் காரணம் உண்டு. வீட்டுக்குள் நிறுத்தும் நீர்வழி உலைகளும் இருக்கின்றன, வெளியே நிறுத்தும் காற்றுவழி உலைகளும் இருக்கின்றன. தேவைப்படும் இடத்தில் 'புற' சேர்த்து 'புற நீர்வழி விறகுலை' என்று எழுதிக்கொள்ளலாம்.

சுமப்பது எது என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், தேர்வு பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. ஒரே கன அளவில் நீர் தாங்கும் வெப்பம் காற்று தாங்குவதைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு. ஆயிரம் லிட்டர் நீர் 20 பாகை குளிர்ந்தால் 23 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியே வரும். மணிக்கு 8 யூனிட் கேட்கும் வீட்டுக்கு, தீ அணைந்த பிறகும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தாங்கும். காற்றில் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. காற்றுவழி உலை இருந்த வீட்டில், சூடான காற்று மேலே வரும் தரைச் சல்லடையில் பாதத்தை வைத்துக்கொண்டு விடியற்காலையில் நின்றிருக்கிறேன். விசிறி ஓடும்வரை வெதுவெதுப்பு. கீழே தணல் சாம்பலாகி 'டக்' என்று விசிறி நின்றதும், சில நிமிடங்களில் இரும்புச் சல்லடை காலைச் சுடுவதை விட்டுக் கடிக்கத் தொடங்கும். மாலையில் குளிர்ந்த வீட்டுக்குத் திரும்பும்போது கதை நேர்மாறு: காற்றுவழி உலை சற்று நேரத்தில் அறையைச் சூடாக்கிவிடும், நீர்வழியில் அவ்வளவு நீரும் முதலில் சூடாக வேண்டும்.

புகையும் இதிலிருந்துதான் பிறக்கிறது. பழைய பாணி நீர்வழி உலையில் நீர் சூடேறிக் காற்றுக்கதவு மூடியதும், உள்ளே இருக்கும் விறகு அணையவும் மாட்டாது, எரியவும் மாட்டாது. மணிக்கணக்கில் கனன்று புகையும். குட்டைப் புகைபோக்கி என்றால் அந்தப் புகை மேலே ஏறாமல் தரையோடு படர்ந்து பக்கத்து வீட்டுச் சன்னலுக்குப் போகும். அப்படிக் கனன்றுகொண்டிருக்கும் உலையின் விறகு போடும் கதவைச் சட்டென்று திறக்கவே கூடாது. ஒரு விரல் அளவு திறந்து, காற்று உள்ளே போகவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து, அப்புறம்தான் முழுக்கத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தேங்கிய விறகு வாயு குப்பென்று பற்றி முகத்துக்கு வரும். என் புருவம் ஒருமுறை பாதி போயிருக்கிறது. இந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை இந்தச் சொற்களுக்கே இழுத்து வந்தது.

மேலே சொன்ன விதிகளின் இரண்டாம் கட்டம் 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதிய உலைகள், இரு வகையானாலும், முன்பைவிடக் கடுமையான புகை வரம்புக்குள் வர வேண்டும். அதனால் விறகு வாயுவைத் தனி அறையில் உயர் வெப்பத்தில் எரிக்கும் அமைப்பு நீர்வழியில் பரவியிருக்கிறது. அதோடு பெரிய நீர்த்தொட்டியும் சேர்த்தால் தீயை அடக்கவே வேண்டாம். முழு வேகத்தில் எரித்துவிட்டு, மிஞ்சிய வெப்பத்தைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். பணமும் இடமும் உள்ளவர் நீர்வழிக்குப் போனால் இப்படித்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்வழியில் நெருப்பும் பட்டையும் பூச்சியும் சாம்பலும் வீட்டுக்கு வெளியே நின்றுவிடும், குளிக்கவும் வெந்நீர் கிடைக்கும். ஆனால் புதைகுழாயின் வெப்பக்காப்பில் ஈரம் புகுந்தால் நிறைய வெப்பத்தை மண்ணுக்கே கொடுத்துக்கொண்டிருப்போம். பம்பு நின்றால் கடுங்குளிரில் குழாய் உறையும். உள்ளே துருப்பிடிக்காமல் நீருக்கு மருந்து கலக்க வேண்டும். காற்றுவழியில் விலையும் வேலையும் குறைவு, காற்றுக்குழாய் ஏற்கெனவே உள்ள வீட்டில் சுலபமாகப் பொருந்தும். மின்சாரம் போய் விசிறி நின்றால் மட்டும் எரியறை அளவுக்கு மீறிச் சூடாகும். அதனால் காற்றுக்குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையில் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை விட்டே ஆக வேண்டும். விறகு காய்ந்திருப்பது இரண்டுக்கும் கட்டாயம், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

சின்ன வீடு, ஒழுங்கான புகைபோக்கி, நெருங்கிய அண்டை வீடுகள் என்றால் நான் காற்றுவழி என்பேன். வீடும் பட்டறையுமாக இரண்டு மூன்று கட்டடங்கள், சுற்றிலும் வெட்டவெளி என்றால் நீர்வழி. பாருங்கள், இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு இந்தச் சொற்களே போதுமாக இருந்தன. 'கொதிகலன்' என்று எழுதியிருந்தால் முதலில் அது கொதிக்காது என்று விளக்கிவிட்டுத்தான் தொடங்கியிருப்பேன்.

இன்னொன்று தீராமல் நிற்கிறது. கனன்ற புகை, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் பட்டுக் கறுப்பாகப் பளபளவென்று படியுமே, கிரியோசோட், அதற்கு என்ன சொல்? புகைபோக்கி தீப்பற்றுவது அதனால்தான், பெயர் கட்டாயம் வேண்டும். 'கரிப்படிவு' என்றால் துடைத்தால் போகும் கரி போலத் தோன்றுகிறது. இது சுரண்டினாலும் எளிதில் போகாது, கம்பித் தூரிகையிலும் ஒட்டிக்கொள்ளும். 'புகைப்பிசின்' என்று வைத்திருக்கிறேன். பிசின் மரத்திலிருந்து ஊறுவதற்கு மட்டுமே உரியது என்று இங்கே யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். மரவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.